இறங்கும்போது பதினான்கு

ஏறும்போது பதிமூன்று, இறங்கும்போது பதினான்கு.

ரென்ஸ்கே அந்தத் தாளை மேசை விளக்குக்குக் கீழே இழுத்து வைத்து மறுபடியும் பார்த்தாள். பென்சிலால் அழுத்தி எழுதிய எண்கள். தாளின் மறுபக்கத்தை விரலால் தடவியே படித்துவிடலாம். முந்தைய மூன்று வாரத் தாள்களில் இரண்டு கட்டங்களிலும் பதிமூன்று. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இறங்கும் கட்டத்தில் மட்டும் பதினான்கு. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு விடாமல்.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு முதியவர்கள் விழுவதைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், மாடிப்படியின் கடைசி அடியைப் பற்றியது. தரை வந்துவிட்டது என்று நினைத்தும் விழுகிறார்கள், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்தும் விழுகிறார்கள். அதற்கு அவள் கண்டுபிடித்த மருந்து செலவில்லாதது. சத்தமாக எண்ண வேண்டும். வீட்டுப் படிகளை அவளே போய் எண்ணிச் சொல்லிவிடுவாள். அந்த எண்ணைச் சொல்லும்போது கால் தரையில் இருக்கும். நாற்பத்திரண்டு வீடுகள், ஆளுக்கொரு நோட்டு, வாரத்துக்கு ஒரு தாள் தபாலில் வரும். நாற்பத்தொரு வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வீட்டில் ஆகியிருந்தது. டொக்கம் ஊரில், பழைய வாய்க்கால் தெருவில், ஒன்பதாம் எண் வீட்டு டீனே. எழுபத்தொன்பது வயது, தனி ஆள். அவளுடைய தாளிலும் அக்டோபரில் நான்கு நாள் பதினான்கு என்று இருந்தது. ரென்ஸ்கேவுக்குத் தொலைபேசியில் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியதை முதலில் ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு டீனேயை அழைத்தாள். நான் எண்ணியிருக்கிறேன், பதிமூன்றுதான், நீங்கள்தான் எங்கோ ஒன்றை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள் என்றாள். கடைசி அடியில் தயங்கி நிற்பதுதான் ஆபத்து, தயங்காமல் முழு பாரத்தையும் வையுங்கள் என்றாள். டீனே நன்றி சொன்னாள். ஆறாம் நாள் காலை அவளைப் படிக்கட்டின் அடியில் கண்டெடுத்தார்கள்.

பேராசிரியர் ஆறுதல் சொன்னார். விழுவதைப் பற்றி ஆராய்ந்தால் யாராவது விழத்தான் செய்வார்கள் என்றார். ரென்ஸ்கே அட்டவணையைத் திறந்து டீனேயின் நான்கு பதினான்குகளையும் பதிமூன்றாக மாற்றினாள். எண்ணும்போது நேர்ந்த பிழை. அப்படித்தான் அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இப்போது வந்திருப்பது ஏழாம் எண் வீட்டுத் தாள். டீனேயின் பக்கத்து வீடு. எண்பத்துமூன்று வயது வோபே, வாய்க்கால் மதகில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று மதியமே அவர் அழைத்தார். வணக்கம் சொல்லவில்லை.

"நீ நேர்ல வந்து எண்ணு. போன்ல எண்ணாத."

அவள் சீட்டு எழுதுவதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் தன் ஊரான லேயுவார்டனிலிருந்து டொக்கத்துக்குப் பேருந்தில் போனாள். நவம்பர் கடைசி. இரண்டரை மணிக்கே வெளிச்சம் பழைய பாலைப் போலத் திரிந்துகிடந்தது. வயல்களின் மேல் மூடுபனி, அதற்குள் ஆடுகள், ஆடுகளின் கால்கள் மட்டும் தெரியவில்லை. பழைய வாய்க்கால் தெருவில் இப்போது வாய்க்கால் இல்லை. தூர்த்துச் செங்கல் பாவியிருந்தார்கள். அதை ஒட்டி ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட நான்கு வீடுகள், ஒடுங்கி, உயரமாக, ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒன்பதாம் எண்ணில் திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஐந்தாம் எண்ணில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து இவளைப் பார்த்தாள். ரென்ஸ்கே தலையசைத்தாள். அந்தப் பெண் எழுந்து வந்து, பட்டப்பகலில், திரையை இழுத்து மூடினாள்.

கதவோரப் பெட்டியில் எண்களைத் திருப்பிச் சாவியை எடுத்தாள். வீட்டுக்கு வரும் செவிலியர்களுக்காக மாட்டிய பெட்டி; ஆய்வுக்காக அவளுக்கும் எண் தெரியும்.

உள்ளே வேகவைத்த பட்டாணி வாசனை, ஈரக் கம்பளி வாசனை, அவற்றுக்கு அடியில் வேறு ஏதோ, பூந்தொட்டியைத் தூக்கினால் அடியிலிருந்து வருமே, அந்த வாசனை. நடை மூன்றடி அகலம்தான். கறுப்பும் வெள்ளையுமாக ஓடு. இடப்பக்கம் கோட்டு மாட்டும் கொக்கிகள். நேரே மாடிப்படி, படி என்பதைவிட ஏணி என்றே சொல்லலாம், அவ்வளவு செங்குத்து. கைப்பிடிக்குப் பதில் சுவரில் ஒரு தடித்த கயிறு.

"மேல வா," என்று வோபேயின் குரல் கேட்டது.

கோட்டை மாட்டினாள். கைபேசி அதன் பையிலேயே இருந்தது. காலணியைக் கழற்றினாள்; ஆய்வு விதிப்படி காலுறையோடுதான் எண்ண வேண்டும். கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் சத்தமாக எண்ணி, ஏறினாள். மரத்தின் நடுவில் தேய்ந்த குழி ஒவ்வொரு தடவையும் பாதத்துக்குச் சரியாகப் பொருந்தியது. பதிமூன்று. மாடி.

வோபே படிக்கட்டின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை, வீக்கத்துக்கான இறுக்கமான பழுப்புக் காலுறை, காதில் கேட்புக் கருவி, மடியில் அவள் கொடுத்த நோட்டு. காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த ஊரில் வந்தவரிடம் காபி கேட்காமலிருப்பது முகத்தில் அறைவதற்குச் சமம்.

"ஏறும்போது சரி. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல," என்றார். "எறங்கு."

அவள் தான் தயாரித்துவந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். வெளிச்சம் போதாமை, கண் புரை, தலைசுற்றல் மாத்திரை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் முடித்ததும் பென்சிலால் படியைக் காட்டினார்.

"நீதான படிச்சவ. எறங்கு."

அவள் இறங்கினாள். படியைப் பார்த்துத் திரும்பி, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாக இல்லாமல் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி முன்பக்கமாகவே. ஒன்று. இரண்டு. தன் குரல் தனக்கே பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் போலக் கேட்டது. கீழே ஓடுகள் தெரிந்தன. கறுப்பு, வெள்ளை, கறுப்பு. கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் அவற்றின் மேல் மங்கலாகப் படிந்திருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. இப்போது கடைசிப் படியில் நின்றாள். படிக்கட்டை ஒட்டிய ஓரத்து ஓடுகளை மட்டும் இருட்டு மறைத்திருந்தது.

"பதிமூன்று," என்று சொல்லி வலது காலைக் கீழே வைத்தாள்.

கால் போய்க்கொண்டே இருந்தது.

ஓடு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியது. குளிர்ச்சி விரல் நுனியிலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. காற்றின் குளிர்ச்சி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கால்சட்டைக்குள் நுழைந்து முழங்காலைத் தொட்டது. பூந்தொட்டி வாசனை. ஈரக் களிமண்.  கயிறு சுவரில் இழுபட்டு முனகியது. பிறகு பாதம் ஒன்றின் மேல் பட்டது.

மரம். உறுதியான மரம். நடுவில் தேய்ந்த குழி.

அவள் காலைப் பிடுங்கிக்கொண்டாள். எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. மாடியில் முழங்காலிட்டு, கையூன்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வலது காலுறையின் அடிப்பாகம் ஈரமாக இருந்தது.

"எத்தன?" என்று கேட்டார் வோபே.

அவள் ஈரக் காலுறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் நோட்டில் எழுதினார்.

வோபே அதன் பிறகு பேசியதெல்லாம் நிதானமாக, மதகின் நீர்மட்டத்தைப் பதிவு செய்பவரின் குரலில்தான். அந்தப் படி எப்போதும் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஏறும்போது ஒருபோதும் இருக்காது. ஐம்பது வருடமாக அவர் அதை ஒரு தொந்தரவாகத்தான் நினைத்திருந்தார், ஒட்டடை மாதிரி, ஈரச் சுவர் மாதிரி. கால் தரையைத் தொடவில்லையென்றால் இழுத்துக்கொள்வார். கடைசிப் படியில் உட்கார்ந்து காத்திருந்து மறுபடி வைத்துப் பார்ப்பார். இறங்க ஒரு மணி நேரமானாலும் அவருக்கு அவசரம் இல்லை. இன்று காலைகூடக் கடைசிப் படியிலேயே உட்கார்ந்து, ரொட்டி தின்று, செவிலியை அங்கேயே காலுறை போடச் சொல்லி, தரை வராமல் மேலே திரும்பிவந்தார். டீனேயும் அப்படித்தான் பல வருடம் இருந்தாள். இருவரும் சீட்டாடும்போது யார் வீட்டில் இன்று எத்தனை என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்களாம்.

"அப்புறம் நீ வந்த," என்றார். "எழுதச் சொன்ன. எழுதினேன். அது நல்லதுதான். எழுதுறவரைக்கும் எனக்கு வெளங்கல."

நோட்டைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினார். தேதிகளை அவரே கோடு போட்டுப் பிரித்திருந்தார். ஜூலை கடைசியில் ஐந்தாம் எண்ணில் வர்ணம் அடிக்க வந்தவன் விழுந்து செத்தான். அடுத்த மூன்று வாரம், பதிமூன்று. பிறகு பதினான்கு. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு அடிக்கடி. அக்டோபர் கடைசியில் டீனே. அடுத்த மூன்று வாரம், பதிமூன்று. பிறகு பதினான்கு.

ரென்ஸ்கே அதைப் பார்த்தாள். டீனே போகும்வரை தபாலில் வந்த அவருடைய தாள்களில் பதிமூன்றுதான் இருந்தது; நோட்டில்தான் உள்ளதை எழுதியிருந்தார். சுத்தமான தரவு. விடுபட்ட நாள் ஒன்றுகூட இல்லை. அவளுடைய நாற்பத்திரண்டு பேரில் இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதவில்லை.

"நாலு வீட்டுல எந்த வீட்டுல விழுந்தாலும் நாலுக்கும் சரியாயிடுது," என்றார் அவர். "மூணு வாரம்."

அவளுக்குப் புரிந்தது. மெதுவாக, கால் நனைவது போல.

"என்னை எதுக்கு வரச் சொன்னீங்க ஐயா?"

வோபே பென்சிலைக் காதில் செருகினார்.

"டீனே காலை இழுத்துக்கத் தெரிஞ்சவ. முழு பாரத்தையும் வைன்னு நீ சொன்ன. அவ எங்கிட்ட வந்து சொன்னா, பல்கலைக்கழகத்துப் பொண்ணு சொல்லிடுச்சு, இனிமே பயப்படக் கூடாதுன்னு." அவர் முழங்காலைத் தேய்த்தார். "எனக்கு முழங்கால் போயிடுச்சு. இன்னொரு தடவ இழுத்துக்க முடியுமான்னு தெரியல. யாரோ ஒருத்தர் போகணும். ஏன் நீயா இருக்கக் கூடாது?"

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அவளைச் சுவரோரம் தள்ளியது.

அவள் எழுந்து முன்னறை ஜன்னலுக்குப் போனாள். வீட்டுச் சாமான்களைக் கயிறு கட்டி இழுப்பதற்கான கொக்கி ஜன்னலுக்கு மேலே கூரை முகப்பில் நீட்டிக்கொண்டிருந்தது. இந்தப் படிகளில் அலமாரி ஏறாது. அலமாரியை இறக்குவது போல அவளையும் இறக்கலாம். கைபேசியும் வோபேயின் போனும் கீழே; தெருவில் யாரையாவது கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கீழே ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு போனார். ரென்ஸ்கே கண்ணாடியில் கை வைத்தாள். என்ன சொல்வது. ஐயா, என்னால் படியிறங்க முடியவில்லை. விழாமல் இறங்குவது எப்படி என்று நாற்பத்திரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். வாயைத் திறந்தாள். நாய் மூலை திரும்பியது, அவரும் திரும்பினார். செங்கல் தெரு காலியாகிவிட்டது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின, மணி நான்குகூட ஆகவில்லை.

இன்னொரு தடவை இறங்கிப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே, குழந்தை போல, ஒவ்வொரு படியாக. பன்னிரண்டு வரை. காலை நீட்டினாள். ஓடு இல்லை. குளிர்ச்சி. பிறகு அந்தப் படி.

இந்தத் தடவை அது சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்தது போல.

மேலே வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். வோபே எத்தனை என்று கேட்கவே இல்லை, எழுதிக்கொண்டார்.

"காத்திருக்கலாம்," என்றார். "நான் காத்திருப்பேன். உனக்குத்தான் பஸ்."

நாலரைக்குச் செவிலி வருவாள் என்பது ரென்ஸ்கேவுக்கு நினைவு வந்தது. சாயங்காலம் காலுறையைக் கழற்றுவதற்கு. அவள் முடிவு செய்தாள். கதவு திறந்ததும் மேலேயிருந்து சொல்லிவிட வேண்டும். ஏறாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள், ஏணி வேண்டும். மூன்று வாக்கியம். மனதுக்குள் எழுதினாள். திருத்தினாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். படியில் ஏதோ உடைந்திருக்கிறது என்று சொல்லலாம். அதை உள்ளே போட்டு மறுபடி எழுதினாள்.

கதவு திறந்தது. சைக்கிள் சுவரில் சாயும் சத்தம், மழைக்கோட்டை உதறும் சத்தம்.

"வோபே, என்ன இன்னிக்கு மாடில தர்பாரா?"

மார்லூஸ், ஐம்பது வயது, சிவந்த கன்னம், அந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் கால்கள் அவளுக்குத் தெரியும். நடையின் ஓடுகளில் அவளுடைய காலணி டக் டக்கென்று கேட்டது. ஓடு. கெட்டியான ஓடு. ரென்ஸ்கே எழுந்து படியின் தலைக்கு வந்தாள். மூன்று வாக்கியமும் தயாராக இருந்தன. மார்லூஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், ஏற்கெனவே நாலாவது படியில் இருந்தாள், கயிற்றைக்கூடப் பிடிக்கவில்லை.

அவள் ஓரம் விலகி வழிவிட்டாள்.

மார்லூஸ் மேலே வந்தாள். தரையில் மண்டியிட்டு வோபேயின் காலை மடியில் வைத்துக் காலுறையை உருட்டிக் கழற்றத் தொடங்கினாள். கழற்றிய இடத்தில் தோலில் நெசவின் தடம் பதிந்திருந்தது. இவள்தான் அந்தப் படி எண்ணுகிற பெண்ணா என்று விசாரித்தாள். தன் மாமியாரும் இந்த ஆய்வில் இருப்பதாகவும், இப்போதெல்லாம் அடுப்படிக்குப் போகும்போதுகூட எண்ணிக்கொண்டே போவதாகவும் சொல்லிச் சிரித்தாள். மகளுக்குச் சனிக்கிழமை பிறந்தநாள், கேக் வாங்க வேண்டும் என்றாள். வோபேயின் கணுக்காலை அழுத்திப் பார்த்து, வீக்கம் குறைந்திருக்கிறது, பெரியவர் ஒழுங்காகத்தான் இருக்கிறார் என்று பாராட்டினாள்.

ரென்ஸ்கே சுவரோரம் நின்றாள். ஒவ்வொரு நொடியும் சொல்லியிருக்கலாம். இடது கால் முடிந்தது. சொல்லியிருக்கலாம். களிம்பு தடவினாள். சொல்லியிருக்கலாம். வெளியே முற்றிலும் இருட்டிவிட்டது.

மார்லூஸ் எழுந்தாள்.

"போகாத," என்றார் வோபே. அவருடைய குரல் முதல் தடவையாக மாறியிருந்தது. "கொஞ்சம் உக்காரு."

"இன்னும் நாலு வீடு இருக்கு எனக்கு."

"அந்தப் பொண்ணு மொதல்ல போகட்டும். அவளுக்குத்தான் அவசரம்."

"என்னாச்சு உங்களுக்கு?"

"பதினாலு," என்றார் வோபே. "இன்னிக்கு காலைலேருந்து பதினாலுதான். சொன்னாக் கேளு மார்லூஸ். எறங்காத."

மார்லூஸ் அவர் தோளைத் தட்டினாள். ரென்ஸ்கேவைப் பார்த்துக் கண்ணடித்தாள். இந்தப் பதினாலை ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றது அந்தக் கண்.

"டாக்டரம்மாவையே கேட்டுடுவோம். நீ எண்ணியிருக்கேல்ல? எத்தன படி இது?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

வோபேயின் கண்கள் ஈரமாக இருந்தன. அவர் தலையை மிக மெதுவாக இடதும் வலதும் அசைத்தார். ரென்ஸ்கே தன் நனைந்த காலுறையைப் பார்த்தாள். காலடியில் இருந்த வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை. அவளுடைய அறை நினைவு வந்தது, விளக்கு, மேசை. நோட்டின் ஒழுங்கான கட்டங்கள். மூன்று வாரம்.

"பதிமூணு," என்றாள்.

குரல் தெளிவாக வந்தது. சீட்டு எழுதாமலே வந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மார்லூஸ்.

"கடைசி அடியில தயங்காதீங்க," என்றாள் ரென்ஸ்கே. "முழு பாரத்தையும் வைங்க."

வோபே ஏதோ சத்தம் எழுப்பினார், வார்த்தை இல்லை. நாற்காலியிலிருந்து எழ முயன்றார். முழங்கால் விடவில்லை. மார்லூஸ் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தாள். கேலியாக, பள்ளிக்கூட ராகம் போட்டு, சத்தமாக எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. அவளுடைய தலை இருட்டுக்குள் இறங்கியது. எட்டு. ஒம்பது. கயிறு சுவரில் உரசியது. பன்னெண்டு.

"பதிமூணு."

அலறல் இல்லை. ஈரத்துணி மூட்டையைப் போட்டது போல ஒரு சத்தம். கயிறு விடுபட்டுச் சுவரில் இரண்டு தடவை அடித்தது. நின்றது.

ரென்ஸ்கே விளக்கின் பொத்தானைத் தேடிப் போட்டாள். நடை வெளிச்சமானது. மார்லூஸ் ஓடுகளின் மேல் கிடந்தாள், கறுப்பும் வெள்ளையுமான கெட்டியான ஓடுகளின் மேல், ஒரு கை கொக்கிகளின் பக்கம் நீண்டு. தலை திரும்பக் கூடாத அளவுக்குத் திரும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடுகள் அசையவில்லை. கண்ணும் அசையவில்லை.

"பதினாலு," என்றது மார்லூஸின் குரல்.

அதே ராகம். அதே கேலி. ஓடுகளுக்கு அடியிலிருந்து.

"பதினஞ்சு."

வோபே காதிலிருந்து கேட்புக் கருவியைக் கழற்றினார்.  அதைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினாறு." ராகம் குறைந்திருந்தது. "பதினேழு." இப்போது அதில் ஒரு சந்தேகம். "பதினெட்டு."

மார்லூஸ் நிற்கவில்லை. தயங்காதீங்க என்று ரென்ஸ்கேதான் சொல்லியிருந்தாள்.

ரென்ஸ்கே கயிற்றைப் பிடித்தாள். இனி அவள் இறங்கலாம். தரை இருக்கும். முதல் படியில் கால் வைத்தாள், பிறகு அப்படியே நின்றாள். மார்லூஸின் குரல் அடுத்த எண்ணுக்காக மூச்சு வாங்கிய இடைவெளியில், அதற்கும் கீழே, மிகவும் கீழே, தொலைபேசியில் அவளுக்கு நன்றி சொன்ன அந்தக் கிழக்குரல், வறண்டுபோய், பொறுமையாக, ஒரு படியும் விடாமல், எண்ணிக்கொண்டிருந்தது.

"நாப்பதாயிரத்து எழுநூத்தி மூணு. நாப்பதாயிரத்து எழுநூத்தி நாலு."